குழிக்குள் இன்னொருத்தி

ஜனவரி 9, வெள்ளி

இன்று லோதார் கென்ஸ் மேடையில் வேறொரு நாடகத்தின் வசனத்தைப் பேசினார். ஒருவருக்கும் தெரியவில்லை. முடிவில் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே சொல்ல முடியாத சங்கதி, அதனால்தான் இந்தக் கொப்பியை மறுபடி எடுத்தேன். எங்கள் அரங்கு பழையது. மேடையின் முன்விளிம்பில் ஒரு குழி உண்டு. ஒரு ஆள் இருக்கலாம், இரண்டு பேர் முடியாது. சபையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி ஒரு மரமூடி மறைத்திருக்கும். நான் நாடகப் பிரதியோடும் சின்ன விளக்கோடும் அதற்குள் இருப்பேன். நடிகருக்கு வசனம் மறந்தால் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பேன். அவருக்குக் கேட்க வேண்டும், முன்வரிசைக்குக் கேட்கக் கூடாது. இவ்வளவுதான் என் உத்தியோகம். ஜெர்மன் இலக்கியம் படித்துக் கடைசியில் கிடங்குக்குள் இருக்கவா போனாய் என்று சித்தப்பா கேட்டார். அம்மா கோயிலில் விசாரிக்கிறவர்களுக்கு, பிள்ளைக்குத் தியேட்டரில் ஒபிஸ் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறார்.

கென்ஸுக்கு எண்பத்தொரு வயது. இந்த நாட்டில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. மேடையில் அரசன், பாதிரியார், பிச்சைக்காரன், ஒருமுறை கிழவி. இத்தாலியப் படங்களில் குதிரையில் வருகிற வில்லன். பிரெஞ்சுப் படமொன்றில் பெண்டாட்டியைப் பறிகொடுத்த ரொட்டிக்காரன். பிறகு வருடக்கணக்காக ஞாயிறு இரவு தொலைக்காட்சியில் துப்பறியும் இன்ஸ்பெக்டர். அம்மாவுக்கு அவர் இன்றைக்கும் இன்ஸ்பெக்டர்தான். "இன்ஸ்பெக்டர் சுகமா இருக்கிறாரோ" என்றுதான் கேட்பார்.

இப்போதைய நாடகத்தில் அவர் கப்பல் தலைவன். கடலில் போய்த் திரும்பாத நாலு மாலுமிகள் இரவுச் சாப்பாட்டுக்கு வருவார்கள் என்று நாலு வெறும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறான். கூட ஒரு வேலைக்காரப் பெண் மட்டும். மார்ச் ஏழாம் திகதி கடைசிக் காட்சி. அதோடு அவர் மேடையை விட்டு ஓய்வு பெறுகிறார் என்று பத்திரிகையில் எல்லாம் வந்துவிட்டது.

இன்று மூன்றாவது நாற்காலிக்கு முன்னால் நின்று, "மகாராணி, மன்னிக்க வேண்டும், என் கைகள் இன்னும் கழுவப்படவில்லை" என்றார். முப்பது வயதில் அவர் நடித்த ஒரு அரசனின் வசனம் அது. நான் கப்பல் தலைவனின் சொல்லை எறிந்தேன், பிடித்துக்கொண்டார். கப்பல் தலைவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சபை எடுத்துக்கொண்டது.

திரை விழுந்ததும் குழியருகே குனிந்தார். "கவனிச்சீங்களோ?" என்றார். ஓம் என்றேன். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றார்.

அவர் பேசியது ஜெர்மனில். நான் எழுதும்போது எங்கள் ஊர்ப் பருத்தித்துறைக்காரராகி விடுகிறார். இருக்கட்டும்.

ஜனவரி 10, சனி

இன்று ஒரு சொல் தவறவில்லை. வீண் பயம். அம்மாவின் முழங்காலுக்குத் தைலமும், தமிழ்க்கடையில் கத்தரிக்காயும் வாங்கினேன். கத்தரிக்காய் முற்றல்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பல்கனியில் பொங்க விடமாட்டார்கள், குசினியில் பொங்கினால் புகைமணி அலறும். அம்மா வழக்கம்போல மணிக்கு ஈரத்துவாய் கட்டச் சொன்னார். கதிரையில் ஏறிக் கட்டினேன். பால் பொங்கியது, அம்மாவுக்குச் சந்தோஷம்.

பின்னேரம் அரங்கத் தலைவி பிரிட்டா கூப்பிட்டார். கெட்ட மனுசி இல்லை. கதவைச் சாத்திவிட்டு நேரே கேட்டார், கென்ஸுக்கு மறதி வந்துவிட்டதா என்று. அப்படியென்றால் இப்போதே நிறுத்தி, மியூனிக்கிலிருந்து வேறு நடிகரைக் கூப்பிடலாமாம். இவ்வளவு பெரிய மனிதர் சபைக்கு முன்னால் வாயடைத்து நின்று, பாதியில் திரையை இறக்க வேண்டி வந்தால், அறுபது வருடம் செய்ததெல்லாம் போய் அதுதான் மிஞ்சுமாம். குழிக்குள் இருக்கிற எனக்குத்தான் உண்மை தெரியும் என்றார்.

அவர் சொன்னது நியாயம். வழமைபோலத்தான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

கென்ஸ் மறந்தால் மூச்சைப் பிடிப்பார். வேறு அடையாளம் இல்லை. முகம் காட்டிக் கொடுக்காது. இன்று இரண்டாம் அங்கத்தில் மூச்சு நின்றது. நான் வாயைத் திறந்தேன். சொல் என் பல்லுக்குப் பின்னால் நிற்கிறது. அதற்குள் அவர் தலையை மெல்ல ஆட்டி, சரியான சொல்லைச் சொல்லித் தொடர்ந்தார். யாரோ எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி சொல்லும் தலையாட்டல் அது. எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனை தரம் வாங்கியிருக்கிறேன். ஆனால் இன்று என்னைப் பார்க்கவில்லை. என் வலது தோளுக்கு மேலே பார்த்தார்.

என் வலது தோளுக்கு மேலே சுவர்.

முடிந்தபின் கேட்டேன், எப்படிப் பிடித்தீர்கள் என்று. "மார்கிட் தந்தவள்" என்றார், மழை பெய்கிறது என்று சொல்வது போல.

மார்கிட் எனக்கு முன்னால் இந்தக் குழியில் இருந்தவர். கென்ஸின் அநேக நாடகங்களுக்குச் சொல் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். செத்து நாலு வருடம். செத்த வீட்டுக்கு நானும் போனேன், மண் போட்டேன். எந்நேரமும் யூகலிப்டஸ் மிட்டாய் சூப்பிக்கொண்டிருப்பார், தொண்டைக்கு. இன்று குழிக்குள் அந்த மணம் இருந்தது. சூடேற்றிக் குழாயிலிருந்து வந்திருக்கும்.

ஜனவரி 26, திங்கள்

திங்களில் அரங்கு விடுமுறை. வசனம் பாடமாக்க வரட்டுமா என்று நானே கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். நாலாம் மாடி. ஒரு புகைப்படம், ஒரு விருது, எதுவும் வெளியே இல்லை. வேடம் எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, வந்தால் போகாது என்றார்.

இரண்டு தரம் முழு நாடகத்தையும் சொன்னோம். தேத்தண்ணி அவரே போட்டார், படுமோசம். அப்போதுதான் சொன்னேன்: ஒன்பது வயதில் அகதி முகாமில் எங்களுக்கு ஒரு கசெற் தந்தார்கள், அதில் நீங்கள் வளைக்குள் வாழும் வளைக்கரடியாகக் கதை சொன்னீர்கள், என் முதல் ஜெர்மன் அதுதான், முதல் வருடம் முழுக்க நான் கரடிக் குரலில்தான் பள்ளிக்கூடத்தில் கதைத்தேன் என்று. மனிதர் கோப்பையை வைத்துவிட்டு அந்தக் குரலில் எனக்கு வணக்கம் சொன்னார். விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணால் தண்ணீர் வந்தது, சிரிப்பில்.

போக எழும்பியபோது கையைப் பிடித்தார். கை குளிர்ந்திருந்தது.

"எனக்கு மறக்கேல்லை, ஹேமா. எல்லாம் நினைவிருக்கு, அதுதான் கரைச்சல். நான் நடிச்ச ஆக்கள் எல்லாரும் வந்து ஒரே வாசல்லை நெரிபட்டுக்கொண்டு நிக்கினம். வாயைத் திறந்தா ஆர் முந்திக்கொண்டு வருவினமோ எண்டு பயமாக் கிடக்கு. மார்கிட் எண்டா வாசல்லை நிண்டு ஒருத்தரைத்தான் விடுவாள்."

நானும் விடுவேன் என்று சொல்ல நினைத்தேன். காலணியின் நாடாவைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். காவடி பார்க்க வெள்ளைக்காரர் சிலரும் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு நிற்கும்போது அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன், இன்ஸ்பெக்டருக்கு, எனக்கு முன்னால் குழியில் இருந்து செத்துப்போன மார்கிட்டின் குரல் கேட்கிறதாம் என்று. விளையாட்டுக்குச் சொல்வது போலத்தான் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. உன்னை அந்தப் பேரில் கூப்பிட்டாரா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

"கூப்பிட்டா ஓம் எண்டு சொல்லிப்போடாதை, பிள்ளை. செத்த ஆளின்ரை பேருக்கு ஓம் சொன்னா, அந்த ஆள் வந்து உன்ரை இடத்திலை இருந்திடும். பிறகு எழுப்பேலாது."

சும்மா இருங்கோ அம்மா என்றேன். பூசணிக்காய்க் கறி நன்றாக இருந்தது.

பெப்ரவரி 6, வெள்ளி

பாவம் செய்துவிட்டேன். எங்கள் தொழிலில் இதைவிடப் பாவம் இல்லை.

கடைசி அங்கத்தில், நாலாவது மாலுமியின் பெயரைச் சொல்லுமுன் கென்ஸ் ஓர் இடைவெளி விடுவார். நீண்ட இடைவெளி. சபையில் இருமல்கூட நின்றுவிடும். அதைக் கேட்கவென்றே இரண்டாம் தரம் டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் உண்டு. அந்த மௌனம் மறதி இல்லை, அதுதான் நடிப்பு. அதற்குள் சொல் எடுத்துக் கொடுக்கிறவள் குழிக்குள் இருக்கத் தகுதியில்லாதவள்.

நான் கொடுத்தேன். மூச்சு நிற்கவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும் நிற்கவில்லை. பயத்தில் என் வாய் தானாகத் திறந்தது. சிவபூசையில் கரடி புகுந்த மாதிரி அந்தப் பெயர் மௌனத்துக்குள் போய் விழுந்தது. முன்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். கென்ஸ் பெயரைச் சொன்னார், செத்த குரலில்.

பிறகு ஒப்பனை அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்:

"மார்கிட் எண்டா வாயைத் திறந்திருக்க மாட்டாள்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெப்ரவரி 7, சனி

நடைவழியில் எதிரே வந்தார். "மார்கிட்" என்றார். நான் நிற்காமல் போனேன்.

பெப்ரவரி 13, வெள்ளி

என்னிடம் வாங்குகிறாரில்லை. மூச்சு நிற்கிறது, நான் கொடுக்கிறேன், மூக்கில் மொய்க்கிற இலையானைக் கலைப்பது போலத் தலையை அசைக்கிறார். காத்திருக்கிறார். பிறகு என் வலப்பக்கத்திலிருந்து ஏதோ வாங்கிக்கொண்டு பேசுகிறார். பிசகாமல் பேசுகிறார், அதுதான் வயிற்றெரிச்சல். இன்று மூன்று தரம் இப்படி. மூன்றாவது தரம் நான் திரும்பிப் பார்த்தேன். காட்சி நடக்கும்போது பிரதியை விட்டுக் கண்ணெடுத்தது இதுதான் முதல் தடவை. சுவரும் என் மேலங்கியும்தான் இருந்தன.

வாசலில் மறுபடி மார்கிட் என்றார். நான் ஹேமா என்றேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு மன்னிக்கச் சொன்னார். "உங்களைத் தெரியாமலோ, வளைக்கரடிப் பிள்ளை?" என்றார். வீடு வரும்வரை அதுவே போதுமாக இருந்தது.

பெப்ரவரி 16, திங்கள்

பிரிட்டா மறுபடி, விடுமுறை நாளென்றும் பாராமல் தொலைபேசியில். கென்ஸ் யாரையோ நீ என்று கூப்பிட்டுத் தனியே கதைப்பதாக உடுப்பறையில் சொல்கிறார்களாம். எல்லாரையும் நீங்கள் என்று கூப்பிடுகிற மனிதர். மியூனிக் நடிகர் ஒருவாரத்தில் வரத் தயாராம். இன்னும் மூன்று காட்சிதான், நீ உறுதி சொன்னால் விடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கே அறிவிக்கிறேன் என்றார்.

உறுதி சொன்னேன். அவருக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகுகிறது, அதனால் காது சற்று அடைத்திருக்கிறது என்றேன். என் வாயில் பொய் இவ்வளவு வழுவழுப்பாக வருமென்று எனக்கே தெரியாது. ஏன் சொன்னேன் என்று எழுதப் போவதில்லை.

பெப்ரவரி 20, வெள்ளி

காட்சிக்கு முன்னால் குழியைக் கழுவினேன். சவர்க்காரத் தண்ணீர், பிறகு எலுமிச்சை. மூலை மூலையாகத் தேய்த்தேன். ஒளியமைப்பாளர் மேலே நின்று பார்த்துவிட்டு, விருந்தாளி யாரும் வருகிறார்களா என்று கேட்டார்.

பொறாமை என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். செத்தவளிடம் எனக்கென்ன பொறாமை. தூசு, அவ்வளவுதான்.

இரண்டாம் அங்கத்தில் யூகலிப்டஸ் மணம் வந்தது.

பெப்ரவரி 22, ஞாயிறு

அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை. இரசம் வைத்தேன். தொலைக்காட்சியில் பழைய இன்ஸ்பெக்டர் ஓடியது. ஐம்பது வயதுக் கென்ஸ் மழையில் ஒரு கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். உள்ளே யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், ஆனாலும் தட்டினார். அம்மா நித்திரையாகிவிட்டார். நான் முடியும்வரை பார்த்தேன்.

மார்ச் 6, வெள்ளி

இன்று என்னிடமும் வாங்கவில்லை, மற்றவளிடமும் வாங்கவில்லை. மூச்சு நின்றது. தோளுக்கு மேலே பார்த்தார், காத்திருந்தார், அங்கிருந்து ஒன்றும் வரவில்லைப் போல. பாதிரியாரின் வசனம் வந்தது, பிறகு ரொட்டிக்காரன், பிறகு நான் அறியாத யாரோ. வேலைக்காரப் பெண்ணாக நடிக்கிற பிள்ளை தானாகவே நாலு வரியைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போனாள். ஒருமாதிரிக் கரையேறினோம். பிரிட்டா பக்கத்திரை மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் திரை இறக்குகிறவரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே வரும்போது கென்ஸ் படியில் இருந்தார். "அவளைக் காணேல்லை" என்றார். "நாளைக்கு அவள் வராட்டி நான் என்ன செய்யிறது?"

நான் வருவேன் என்றேன். சரி என்று மரியாதைக்குத் தலையாட்டினார்.

மார்ச் 7, சனி

முடிந்தது. வந்த உடுப்போடேயே எழுதுகிறேன், எழுத்து எப்படிப் போனாலும் போகட்டும்.

அரங்கு நிரம்பி வழிந்தது. எங்கெங்கிருந்தோ பழைய நடிகர்கள், தொலைக்காட்சிக்காரர், பூங்கொத்துகள். முதலாம் அங்கம் போனது. இரண்டாம் அங்கத்தில் மூன்றாவது நாற்காலிக்கு முன்னால் அவருக்கு மூச்சு நின்றது. கொடுத்தேன். வாங்கவில்லை. மறுபடி கொடுத்தேன், உரக்க; முன்வரிசைக்குக் கேட்டிருக்கும், எனக்கு வெட்கமில்லை. வேலைக்காரப் பெண் ஏதோ சொல்லிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் யாரென்ற கேள்விதான் இருந்தது. உதடுகள் அசைந்தன. ஒரே நேரத்தில் பலபேர் பேச முயல்வது போல அசைந்தன, சத்தம் வரவில்லை.

பக்கத்திரை மறைவில் பிரிட்டா, திரை இறக்குகிறவரிடம் கையை உயர்த்துவதைக் கண்டேன்.

கென்ஸ் மேடையின் விளிம்புக்கு நடந்து வந்தார். என் குழிக்கு முன்னால் முழந்தாளிட்டார். இவ்வளவு கிட்டத்தில் மேடை வெளிச்சத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. பூச்சுக்குக் கீழே வெறும் பயம், இருட்டில் விட்ட பிள்ளையின் பயம்.

"மார்கிட்" என்றார். "இருக்கிறியோ?"

சபைக்கு அது கப்பல் தலைவன் கடலைக் கூப்பிட்டதாகப் பட்டிருக்கும். அம்மா சொன்னது நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் பொய். ஹேமா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் அவர் எழும்ப மாட்டார், அது எனக்குத் தெரிந்தது. திரைக்காரரின் கை கயிற்றில் இருந்தது.

"ஓம்" என்றேன். "இருக்கிறன்."

மூச்சு விட்டார். முகம் தெளிந்தது. எழும்பினார், ஒரு கையைக் குழியின் மரமூடியில் ஊன்றி, எண்பத்தொரு வயது மனிதன் எழும்புகிற மாதிரி இல்லை, கப்பல் தலைவன் எழும்புகிற மாதிரி. நான் சொல்லச் சொல்ல வாங்கினார். ஒவ்வொரு வரியையும் என் வாயிலிருந்து எடுத்து, அதைத் தனதாக்கிப் பேசினார். இடையில் ஒரு அரசனும் வரவில்லை, பாதிரியாரும் வரவில்லை. நாலாவது மாலுமியின் பெயருக்கு முன்னால் அந்த இடைவெளியை விட்டார். நான் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன். இவ்வளவு நீண்டதாக அவர் விட்டதே இல்லை. எனக்கு வலப்பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. மணமும் இல்லை. அந்த இடம் முழுக்க நான்தான் இருந்தேன்.

கைதட்டல் நிற்கவில்லை. வணங்கியபோது குழியைச் சுட்டிக் காட்டினார். பிரிட்டா வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லவில்லை. குசினியிலிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். என்னைத்தான் என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

மார்ச் 12, வியாழன்

கென்ஸைப் பார்க்கப் போனேன். பத்திரிகைகளில் வந்ததை எல்லாம் வெட்டி எடுத்துப் போனேன். அவருக்கு யாரும் பாதியில் திரை இறக்கவில்லை. இனி இறக்கவும் முடியாது. அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்தது. "மார்கிட், உள்ளை வா" என்றார். போனேன். அதே மோசமான தேத்தண்ணி. வெகு சந்தோஷமாக இருந்தார். வாசலில் யாரும் நெரிபடவில்லையாம், எல்லாரும் போய்விட்டார்களாம். நான் செத்துப்போனவளின் கதிரையில் இருந்து எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன்.

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீ இல்லாத நேரம் கீழை ஒரு பிள்ளை இருந்தவள். ஹேமா எண்டு. நல்ல பிள்ளை, நல்ல காது. ஒருக்கா இடைவெளிக்குள்ளை சொல்லிப்போட்டாள் எண்டு நான் முகத்தை முறிச்சுப்போட்டன். அதுக்குப் பிறகு அவளைக் காணேல்லை. எங்கை போனவள் எண்டு உனக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

"நீ வந்து அவளைத் துரத்திப்போட்டியோ?"

இல்லை என்றேன். அவளைக் கண்டால், தான் தேடுவதாகச் சொல்லச் சொன்னார். சரி என்றேன்.

கீழே இறங்கி வாசல்வரை போனேன். போக முடியவில்லை. நாலு மாடியும் திரும்ப ஏறினேன். தொப்பியையும் கழுத்துச் சால்வையையும் கழற்றிக் கைப்பையில் வைத்தேன், தலைமயிரை அவிழ்த்து விட்டேன், மணியை அடித்தேன். அவர் திறந்ததும், நான் ஹேமா, உங்களைப் பார்க்க வந்தேன் என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்பாகத்தான் பார்த்தார்.

"என்ன மார்கிட்" என்றார், "என்னத்தை விட்டிட்டுப் போனனி?"

குடையை என்றேன். நான் குடை கொண்டு போகவில்லை. அவர் முழங்காலைப் பிடித்துக் குனிந்து கதிரைக்குக் கீழே பார்த்தார், கதவுக்குப் பின்னால் பார்த்தார், குசினியில் பார்த்தார். நானும் கூட நின்று தேடினேன்.